பொய் எங்கே இருக்க வேண்டும்? முதல் புளுகு விளையாட்டை வாங்கும் முன்

"ஏமாற்றியும் துப்பறிந்தும் விளையாடுகிற மேசை விளையாட்டு ஒன்று வாங்க வேண்டும், எதை எடுக்கலாம்?" என்று கேட்டால் வழக்கமாக ஒரு பட்டியல் வந்து விழும். அவலான், 'கூ', ஸ்கல், க்ளூடோ, கிரிப்டிட், ஸ்காட்லாந்து யார்டு எல்லாம் அதில் தோளோடு தோள் நிற்கும். எதை எடுத்தாலும் ஏறக்குறைய ஒரே அனுபவம்தான் என்ற எண்ணத்தை அந்தப் பட்டியல் உண்டாக்கிவிடுகிறது. உண்மை வேறு. அவலானில் வாதாடி மகிழ்கிற ஒருவர் கிரிப்டிட் பலகையின் முன்னால் கொட்டாவி விடுவார். கிரிப்டிட்டில் மூழ்கிப் போகிறவருக்கோ, அவலானில் எல்லோரும் திரும்பி "நீதானே துரோகி?" என்று கேட்கும்போது வயிற்றைக் கலக்கும்.

தேர்வைத் தீர்மானிக்க வேண்டியது கதையோ படங்களோ தரவரிசையோ இல்லை என்பது என் உறுதியான கருத்து. பொய் எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். சில விளையாட்டுகளில் அது வாயிலும் முகத்திலும் இருக்கிறது. ஆளே தன்னைப் பற்றிப் பொய் சொல்கிறார். சிலவற்றில் கவிழ்த்து வைத்த சீட்டின் கீழே இருக்கிறது. அதைப் பற்றிப் பேச வேண்டிய கட்டாயம்கூட இல்லை. வேறு சிலவற்றில் பொய்யே கிடையாது. எல்லோரும் உண்மையைத்தான் சொல்கிறார்கள், முழுவதையும் சொல்வதில்லை, அவ்வளவுதான். உங்களோடு விளையாடப் போகிறவர்கள் இந்த மூன்றில் எதைத் தாங்குவார்கள், எதை ரசிப்பார்கள் என்று தெரிந்துவிட்டால் பாதி முடிவு எடுத்தாயிற்று. மீதிப் பாதி, மாட்டிக்கொண்டவர் அதற்கப்புறம் என்ன செய்கிறார் என்பது. ஆட்டத்தை விட்டு வெளியேறிச் சும்மா உட்கார்ந்திருக்கிறாரா, தொடர்ந்து ஆடுகிறாரா? பெட்டியின் மேல் இது எழுதியிருக்காது. விதிப் புத்தகத்தைப் புரட்டினால்தான் தெரியும்.

முதல் வகையின் மூலம் மாஃபியா என்ற விளையாட்டு. சோவியத் காலத்தின் கடைசியில், 1980-களில், மாஸ்கோ அரசுப் பல்கலைக்கழகத்தில் டிமித்ரி டவிடோஃப் உருவாக்கியது. ஆண்ட்ரூ பிளாட்கின் 1997-ல் அதற்கு ஓநாய் மனிதர் கதையை மாட்டிவிட, வேர்வுல்ஃப் என்ற பெயரில் உலகம் முழுக்கப் பரவியது. அடிப்படை மிக எளிது. யார் யார் என்று தெரிந்த ஒரு சிறு கூட்டம் ஒரு பக்கம். எதுவும் தெரியாத பெருங்கூட்டம் மறுபக்கம். இரவில் சிறு கூட்டம் ஒருவரைக் கொல்லும். பகலில் எல்லோரும் சேர்ந்து ஒருவரைச் சந்தேகித்து ஓட்டுப் போட்டு வெளியேற்றுவார்கள். இதற்குப் பெட்டியே வேண்டாம், ஒரு சீட்டுக்கட்டு போதும். ஆனால் ஆட்டத்தை நடத்த ஒருவர் விளையாடாமல் ஒதுங்க வேண்டும். முதல் இரவிலேயே கொல்லப்பட்டவர் ஒரு வார்த்தைகூடப் பேசாமல் கடைசி வரை வேடிக்கை பார்க்க வேண்டும். பத்துப் பேருக்கு மேல் கூடும் இடத்தில் இன்றும் இது களைகட்டும். அதற்காகவே வாங்கித் தொடங்க வேண்டும் என்றால் என் ஓட்டு இதற்கு இல்லை.

இந்த இரண்டு குறைகளையும் ஒரே அடியில் நீக்கியது டான் எஸ்க்ரிட்ஜ் வடிவமைத்த தி ரெசிஸ்டன்ஸ். அதன் ஆர்தர் மன்னர் கதை வடிவம்தான் 2012-ல் வந்த அவலான். 5 முதல் 10 பேர் ஆடலாம். யாரும் வெளியேற மாட்டார்கள், நடத்துநரும் வேண்டாம். தலைவர் ஒரு பணிக்குப் போக ஓர் அணியை முன்மொழிவார்; எல்லோரும் வெளிப்படையாக ஓட்டுப் போடுவார்கள்; ஓட்டில் அணி தேறினால் பணிக்குப் போனவர்கள் ரகசியமாக வெற்றிச் சீட்டோ தோல்விச் சீட்டோ போடுவார்கள். நல்லவர்கள் வெற்றிச் சீட்டைத்தான் போட முடியும். ஐந்து பணிகளில் மூன்று எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் முந்துகிறது.

இதில் எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒன்று உண்டு, அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். ஐந்து பேர் ஆட்டத்தில் துரோகிகள் இரண்டு பேர். நல்லவரான உங்களுக்கு மற்ற நான்கு பேரில் எந்த இருவர் என்று ஆறு சாத்தியங்கள். முதல் பணிக்கு இரண்டு பேர் போய், ஒரு தோல்விச் சீட்டு வருகிறது. நீங்கள் வெளியே இருந்திருந்தால் ஆறில் ஒரே ஒரு சாத்தியம்தான் அடிபடுகிறது. போகாத மற்ற இருவரும் துரோகிகளாக இருக்க முடியாது என்பது மட்டுமே தெரிகிறது. மீதி ஐந்தும் அப்படியே நிற்கின்றன. ஆனால் அந்த அணியில் போனவர்களில் நீங்களே ஒருவர் என்றால், கூட வந்தவர் துரோகி என்பது உங்களுக்குச் சந்தேகமே இல்லாமல் தெரிந்துவிடும். அதைச் சொல்லலாம். ஆனால் அவரும் உங்களைக் காட்டி அதையே சொல்வார். மேசைக்கு இரண்டு குரலும் ஒரே எடை. தனக்கு உறுதியாகத் தெரிந்த உண்மையை நிரூபிக்க வழியில்லாமல் ஒருவர் தவிப்பதும், அதே தவிப்பை இன்னொருவர் நடித்துக் காட்டுவதும்தான் அவலானின் உயிர். பத்துப் பேர் ஆட்டத்தில் துரோகிகள் நான்கு பேர். நல்லவர் கண்ணுக்கு 126 சாத்தியங்கள். அங்கே கணக்கு கை கொடுக்காது. யார் எந்த அணிக்கு ஏன் ஓட்டுப் போட்டார் என்ற நினைவுதான் கை கொடுக்கும்.

மெர்லின் பாத்திரம் அதற்கும் மேல். அவருக்குத் துரோகிகள் யாரென்று தெரியும். ஆனால் நல்லவர்கள் மூன்று பணிகளை வென்ற பிறகும் துரோகிகளில் ஒருவரான கொலையாளி மெர்லினைச் சரியாகக் கண்டுபிடித்துச் சுட்டிவிட்டால் வெற்றி துரோகிகளுக்குத்தான். எனவே தெரிந்தவர் தெரியாதவர்போலப் பேச வேண்டும். அதே சமயம் சொல்ல வேண்டியது நண்பர்கள் காதில் விழவும் வேண்டும். நல்லவர் பக்கத்திலும் ஒருவரை மறைந்து வாழ வைத்துவிட்ட இந்த ஒரு விதிக்காகவே ரெசிஸ்டன்ஸை விட அவலானை வாங்கச் சொல்வேன்.

சரி, அப்படியானால் எல்லோரும் இதையே வாங்கிவிடலாமே? வேண்டாம். அவலானில் ஒளிந்துகொள்ள இடமில்லை. சுபாவத்திலேயே அமைதியானவர் அமைதியாக இருந்தால் "ஏன் பேசாமல் இருக்கிறாய்?" என்பார்கள், பேசினால் "ஏன் இன்று இவ்வளவு பேச்சு?" என்பார்கள். குற்றச்சாட்டு ஆளின் மேலேயே விழுகிறது. நெருங்கிப் பழகியவர்கள் அதை ஆட்டம் முடிந்ததும் மறந்துவிடுவார்கள். இப்போதுதான் அறிமுகமானவர்கள், சொல்லை மனதில் வைத்துக்கொள்கிறவர்கள், முகம் வாடிப் போகிற பிள்ளைகள் இருக்கும் இடத்தில் இதை முதல் விளையாட்டாக எடுப்பது நியாயம் இல்லை. ஆறு பேருக்குக் கீழே அவ்வளவு சுவையும் இல்லை. ஏழு எட்டுப் பேர் இருந்தால்தான் ஓட்டுகள் பேசத் தொடங்குகின்றன.

இங்கே பலர் கவனிக்காமல் விடும் ஒரு மாற்று இருக்கிறது: டிசெப்ஷன், முழுப் பெயர் 'டிசெப்ஷன்: மர்டர் இன் ஹாங்காங்'. 4 முதல் 12 பேர் வரை. எல்லோர் முன்னாலும் ஆயுதச் சீட்டுகளும் தடயச் சீட்டுகளும் விரிந்து கிடக்கும். கொலையாளி தன் முன்னால் உள்ளவற்றிலிருந்து ஓர் ஆயுதத்தையும் ஒரு தடயத்தையும் ரகசியமாகச் சுட்டிக்காட்டுவார். அதை அறிந்த தடயவியல் நிபுணர் வாயைத் திறக்கக் கூடாது. 'மரணத்தின் காரணம்', 'நடந்த இடம்' போன்ற பலகைகளில் குறிகளை வைத்து மட்டுமே உணர்த்த வேண்டும். மற்றவர்கள் ஊகிப்பார்கள், கொலையாளியும் அவர்களோடு சேர்ந்து ஊகிப்பதுபோல நடிப்பார். அவலானோடு ஒப்பிட்டால் பெரிய வேறுபாடு ஒன்றுதான். பேசுவதற்கு மேசையில் பொருள் இருக்கிறது. "உன் முகம் சரியில்லை" என்று சொல்லத் தேவையில்லை, "உன் முன்னால் உள்ள கயிறு இந்தக் குறிப்போடு பொருந்துகிறதே" என்று சொல்லலாம். கூச்ச சுபாவம் உள்ளவரும் இதில் தைரியமாக வாய் திறக்கிறார். கலவையான பெரிய கூட்டத்துக்கு அவலானுக்கு முன்னால் இதைத்தான் நான் வைப்பேன்.

ஒன் நைட் அல்டிமேட் வேர்வுல்ஃப் ஒரே இரவு, ஒரே பகல், பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். இரவில் சீட்டுகள் இடம் மாறுவதால் நாம் யார் என்பதே நமக்கு நிச்சயமில்லை. கலகலப்புக்குக் குறைவில்லை, ஆழம் எதிர்பார்க்க வேண்டாம். பிளட் ஆன் தி க்ளாக்டவர் இதற்கு நேர் எதிர். இறந்தவரும் தொடர்ந்து பேசலாம், கடைசியாக ஓர் ஓட்டும் போடலாம். வெளியேற்றம் என்ற பழைய நோய்க்கு இதைவிட நல்ல மருந்தை நான் பார்க்கவில்லை. ஆனால் அதை நடத்தும் கதைசொல்லி நன்றாகத் தயாராகி வர வேண்டும், நேரமும் நிறைய வேண்டும். முதல் விளையாட்டாக அது கூடாது. இரண்டு வருடம் கழித்து யோசிக்கலாம்.

இனி சீட்டின் கீழே பொய் ஒளிந்திருக்கும் வகை. என் மனம் சாய்வது இந்தப் பக்கம்தான்.

ஹெர்வே மார்லி வடிவமைத்த ஸ்கல்லில் ஒவ்வொருவரிடமும் நான்கு வட்டுகள்: மூன்றில் பூ, ஒன்றில் மண்டையோடு. ஆளுக்கு ஒன்றைக் கவிழ்த்து வைக்கிறார்கள். அப்புறம் தன் முறை வரும்போது இன்னொன்றை மேலே வைக்கலாம், அல்லது "நான் இத்தனை பூக்களைத் திருப்புவேன்" என்று எண் சொல்லலாம். யாராவது எண் சொன்னதும் மற்றவர்கள் அதற்கு மேல் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் விலக வேண்டும். அதிகமாகச் சொன்னவர் முதலில் தன் வட்டுகள் எல்லாவற்றையும் திருப்பித்தான் மற்றவர்களுடையதைத் தொட முடியும். மண்டையோடு வந்தால் தன் வட்டுகளில் ஒன்றை நிரந்தரமாக இழப்பார். இரண்டு முறை சாதித்தவர் வெற்றி பெறுகிறார். விதிகள் இவ்வளவுதான்.

ஆனால் இதற்குள் என்னவெல்லாம் நடக்கிறது! மண்டையோட்டை வைத்துவிட்டு "மூன்று" என்று துணிச்சலாகச் சொல்கிறவர், வேறு யாராவது "நான்கு" சொல்லித் தன் வலையில் விழ வேண்டும் என்று காத்திருக்கிறார். யாரும் சொல்லவில்லை என்றால் தானே மாட்டிக்கொள்வார். பொய் சொன்னவரையே அந்தப் பொய் கடிக்கலாம் என்ற இந்த அமைப்பு போக்கரின் சாரத்தைப் பணமில்லாமல் தந்துவிடுகிறது. யாரும் யாரையும் பார்த்து "பொய்" என்று சொல்வதுகூட இல்லை. வார்த்தையாகச் சொல்வது ஓர் எண் மட்டுமே. பொய் பேசவே வராது என்று சொல்பவர்கள் இதில் அசத்துவதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு வராதது வாய்ப்பொய்தான், துணிவு இல்லாமல் இல்லை. குறை ஒன்று சொல்ல வேண்டும் என்றால், நான்கு வட்டுகளையும் இழந்தவர் வெளியேறுகிறார். ஆட்டம் குறுகியது என்பதால் அது பெரிதாக உறுத்துவதில்லை. மூன்று பேர் ஆடலாம் என்றாலும் நான்கு முதல் ஆறு பேர்தான் சரியான எண்ணிக்கை.

'கூ', ரிக்கி டாட்டா 2012-ல் வெளியிட்டது. இதன் சுவை வேறு. ஐந்து பாத்திரங்கள், ஒவ்வொன்றிலும் மூன்று, மொத்தம் 15 சீட்டுகள். ஆளுக்கு இரண்டு சீட்டு, இரண்டு காசு. உங்களிடம் இருக்கிறதோ இல்லையோ, "நான் டியூக், மூன்று காசு எடுக்கிறேன்" என்று சொல்லலாம். யாராவது மறுத்தால் காட்ட வேண்டும். பொய் என்றால் உங்கள் சீட்டு ஒன்று போகும், மெய் என்றால் மறுத்தவருடையது போகும். இங்கே எண்ணிக்கைக்கு வேலை உண்டு. டியூக் மூன்றுதான். ஒன்று திறந்து கிடக்கிறது, ஒன்று உங்கள் கையில் இருக்கிறது என்றால், எதிரே இரண்டு பேர் டியூக் என்று சொல்லும்போது ஒருவர் நிச்சயம் புளுகுகிறார். உங்கள் மேல் வரும் கொலையைத் தடுக்க "நான் கான்டெஸா" என்று பொய் சொல்லி மாட்டினால் ஒரே நொடியில் இரண்டு சீட்டும் போய்விடும். இந்த அதிர்ச்சியை ரசிப்பவர்கள் ரசிப்பார்கள், முகம் சுளிப்பவர்கள் சுளிப்பார்கள். இதன் பலவீனம் கூட்டத்தைப் பொறுத்தது. யாரும் யாரையும் மறுக்காத மரியாதைக்காரக் கூட்டத்தில் எல்லோரும் டியூக் ஆகிக் காசு சேர்த்து, ஏழு காசு கட்டி ஒருவரை ஒருவர் வீழ்த்துவதோடு ஆட்டம் சப்பென்று முடியும். ஸ்கல் அப்படி ஆளைப் பார்த்து மாறுவதில்லை. ஸ்கல்லா 'கூ'வா என்று கேட்டால் நான் தயங்காமல் ஸ்கல்தான் என்பேன். நான்கைந்து பேர் வாரம் தவறாமல் சேர்ந்து ஆடுகிறீர்கள், ஒருவர் போக்கு ஒருவருக்கு அத்துப்படி என்றால் மட்டும் பதில் மாறும். பழகிய கைகளில் 'கூ' கூர்மையாகிக்கொண்டே போகும்.

சிறுவர்களும் பெரியவர்களும் கலந்த மேசைக்கு காக்ரோச் போக்கர். எட்டு வகைப் பூச்சி பிராணிகள், வகைக்கு எட்டு, 64 சீட்டுகள். ஒரு சீட்டைக் கவிழ்த்துத் தள்ளி "இது தேரை" என்கிறீர்கள். வாங்கியவர் மெய் அல்லது பொய் என்று தீர்ப்புச் சொல்லலாம், அல்லது தான் மட்டும் பார்த்துவிட்டு அதே பெயரையோ வேறு பெயரையோ சொல்லி அடுத்தவருக்குத் தள்ளலாம். தவறாக ஊகித்தவர் முன்னால் சீட்டு தங்கிவிடும். ஒரே பிராணி நான்கு சேர்ந்தவர் தோற்றார். வெற்றியாளர் என்று யாரும் இல்லை, தோற்றவர் ஒருவர் மட்டுமே. இந்த ஏற்பாட்டில் ஒரு தொந்தரவு உண்டு: ஒருவரிடம் மூன்று தேரை சேர்ந்ததும் எல்லோரும் அவரையே குறிவைப்பார்கள். சிரித்துக்கொண்டே தாங்குபவர் என்றால் பரவாயில்லை. அழுதுவிடக்கூடிய பிள்ளை என்றால் ஸ்கல்லுக்கே மாறிவிடுங்கள்.

பகடை இருந்தால் லையர்ஸ் டைஸ் ஆட எதையும் வாங்க வேண்டாம். ஆளுக்கு ஐந்து பகடை, கோப்பைக்குள் மறைவாக உருட்டி, மொத்த மேசையிலும் ஓர் எண் எத்தனை இருக்கும் என்று ஏலம் போல ஏற்றிக்கொண்டே போவது. ஆறு பேர், 30 பகடை, ஒன்று என்பது எந்த எண்ணாகவும் எண்ணப்படும் என்ற விதியில், மற்ற எந்த எண்ணையும் சராசரியாக பத்து எதிர்பார்க்கலாம். இந்த ஒரு கணக்கு தெரிந்தவருக்கும் தெரியாதவருக்கும் இடையே முதல் நாளில் பெரிய இடைவெளி இருக்கும். அதனால் தொடங்கும் முன்பே அதை எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்துவிடுவது நல்லது.

மூன்றாவது வகையில் யாரும் பொய் சொல்வதில்லை. க்ளூடோ 1949-ல் வந்தது, ஆந்தனி பிராட் உருவாக்கியது. சந்தேகத்துக்குரியவர்கள் ஆறு பேர், ஆறு ஆயுதம், ஒன்பது அறை. 324 சாத்தியங்களில் ஒன்று உறைக்குள் இருக்கிறது. யார் யாருக்குச் சீட்டுக் காட்டினார் என்பதை மட்டும் பார்த்து, காட்டிய சீட்டைப் பார்க்காமலேயே அது என்னவென்று பிடிப்பதில் உண்மையான துப்பறிதல் இருக்கிறது. ஆனால் பகடை உருட்டி அறைக்கு அறை நகர்வதில் பாதி நேரம் வீணாகிறது. வீட்டில் ஏற்கெனவே இருந்தால் ஆடுங்கள், புதிதாக வாங்க வேண்டாம்.

புதிதாக வாங்க கிரிப்டிட் இருக்கிறது. 3 முதல் 5 பேர். 108 அறுகோணக் கட்டங்கள் கொண்ட நிலப்படத்தில் ஒரு விலங்கு எங்கோ ஒரே ஒரு கட்டத்தில் மறைந்திருக்கிறது. ஒவ்வொருவரிடமும் ஒரு குறிப்பு மட்டும், 'பாலைவனத்திலிருந்து ஒரு கட்டத்துக்குள்' என்பதுபோல. எல்லோர் குறிப்பும் சேர்ந்தால் இடம் ஒன்றுதான். "இங்கே இருக்கலாமா?" என்று ஒருவரைக் கேட்டால் அவர் வட்டமோ கனசதுரமோ வைத்து உண்மையைச் சொல்லியாக வேண்டும். 'இருக்க முடியாது' என்று வந்தால், கேட்டவரும் தன் குறிப்பின்படி இருக்க முடியாத ஓர் இடத்தைக் காட்டிக்கொடுக்க வேண்டும். ஆகவே கேள்விக்கே விலை உண்டு. பொய் சொல்ல அனுமதி இல்லாத ஒரு விளையாட்டில், உண்மையை எந்த வரிசையில் கசியவிடுவது என்பதே தந்திரமாகிவிடுகிறது. எனக்கு இது அபாரமான வடிவமைப்பு. ஓர் எச்சரிக்கை மட்டும்: ஒருவர் தன் குறிப்பைத் தவறாகப் படித்து ஒரே ஒரு கனசதுரத்தைத் தப்பான இடத்தில் வைத்தால் மொத்த ஆட்டமும் பாழ். அது கடைசியில்தான் தெரியவும் வரும். கவனம் சிதறுகிறவர்கள், பாதியில் போனை எடுத்துப் பார்ப்பவர்கள் உள்ள கூட்டத்துக்கு இது ஒத்துவராது.

ஸ்காட்லாந்து யார்டு 1983-ல் ஜெர்மனியின் ஆண்டு விளையாட்டு விருது பெற்றது. லண்டன் வரைபடம், 199 நிறுத்தங்கள். மிஸ்டர் எக்ஸ் ஒருவர் மறைந்து நகர்கிறார். டாக்சியா, பஸ்ஸா, சுரங்க ரயிலா என்பது மட்டும் தெரியும். 3, 8, 13, 18-வது நகர்வுகளில் இடத்தைக் காட்ட வேண்டும். மற்றவர்கள் கூடிப் பேசித் துரத்துகிறார்கள். ஒளிபவர் ஒருவர்தான் என்பதால், பொய்யும் பதற்றமும் பிடிக்காதவர்கள் துப்பறிபவர்களாக நிம்மதியாக ஆடலாம். மூன்று தலைமுறை ஒரே மேசையில் உட்காரும்போது இது நன்றாகவே நடக்கும். துரத்துபவர்களில் ஒருவர் எல்லோருக்கும் கட்டளை போடத் தொடங்கினால் மற்றவர்கள் பொம்மையாகிவிடுவார்கள் என்பதை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இனி முடிவுக்கு வருவோம். நான்கு முதல் ஆறு பேர், ஒருவரை ஒருவர் இன்னும் முழுக்கத் தெரியாது, யாருக்கு என்ன பிடிக்கும் என்றும் தெரியாது: ஸ்கல். விதி சொல்ல மூன்று நிமிடம், பிடிக்கவில்லை என்றாலும் இழப்பு அரை மணி நேரம்தான். ஏழுக்கு மேல் என்றால் முதலில் டிசெப்ஷன். அதில் கொலையாளியாக வந்தவர்கள் "இன்னொரு தடவை" என்று கேட்கிறார்களா என்று பாருங்கள். கேட்டால் அந்தக் கூட்டம் அவலானுக்குத் தயார். அவலானிலும் முதல் இரண்டு மூன்று ஆட்டங்களுக்கு மெர்லினும் கொலையாளியும் மட்டும் போதும். பெர்சிவல், மோர்கனா, மோர்ட்ரெட் போன்ற மற்ற சிறப்புப் பாத்திரங்கள் எல்லாம் பெட்டியிலேயே இருக்கட்டும். பொய்யே வேண்டாம், மூளைக்கு மட்டும் வேலை வேண்டும் என்கிற மூன்று நான்கு பேர் என்றால் கிரிப்டிட்டைத் தயங்காமல் எடுக்கலாம்.

இரண்டே பேர் என்றால் மேலே சொன்னவற்றில் பெரும்பாலானவை உதவாது. ஸ்காட்லாந்து யார்டை இருவர் ஆடலாம், ஒருவரே பல துப்பறிவாளர்களை நகர்த்த வேண்டும். செய்ஜி கனாயின் லவ் லெட்டர், முதல் பதிப்பில் வெறும் 16 சீட்டுகள், இருவருக்கும் ஓடும். ஆனால் அது பெரும்பாலும் ஊகமும் அதிர்ஷ்டமும்தான். ஆழமாக வேண்டும் என்றால், ஒருவர் மறைத்து வைத்த நிற வரிசையை மற்றவர் ஊகித்துப் பிடிக்கும் மாஸ்டர்மைண்டைப் பழசு என்று ஒதுக்காதீர்கள். ஆறு நிறம், நான்கு இடம், 1,296 சாத்தியங்கள்; எந்தக் குறியீட்டையும் ஐந்து ஊகங்களுக்குள் கண்டுபிடிக்க முடியும் என்று கணினி அறிஞர் டொனால்ட் நூத் 1977-ல் காட்டினார். அந்த ஐந்தை எட்டிப் பிடிக்க இரண்டு பேர் மாறி மாறி முயல்வதில் பல மாலைகள் போகும்.